பித்தப்பை ஆபரேஷன் முடிந்து லைனுக்குத் திரும்ப எத்தனை நாள்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்று வந்துவிட்டால், அவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை நாள் லீவு போடணும்?" என்பதுதான். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மெஷின் அக்கா பதில் சொல்லிவிடுவார்: "இப்பல்லாம் துளை போட்டுத்தானே எடுக்கறாங்க. மூணாம் நாள் வந்துடலாம்."

பாதி சரி. தோலில் இருக்கும் காயம் மூன்றாம் நாள் பெரிதாகத் தொந்தரவு செய்யாதுதான். ஆனால் வேலைக்குத் திரும்பும் நாளைத் தையலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூச்சைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆழமாக இழுக்க முடிகிறதா? வயிற்றைக் கையால் பிடிக்காமல் இரும முடிகிறதா? ஒரு மாடி ஏறி நின்று, நடுவில் மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா? இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லும்படி உடம்பைக் கொண்டுவரும் வேலை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்குகிறது. அதில் டாக்டரின் பங்கு உண்டு. உங்கள் பங்கு அதைவிட அதிகம்.

துளை சின்னது, உள்ளே நடப்பது சின்னதல்ல

இந்த முறைக்கு வயது அதிகமில்லை. ஜெர்மனியில் எரிக் மூஹே 1985இல் துளை வழியாகப் பித்தப்பையை எடுத்துக் காட்டியபோது, அவருடைய நாட்டு அறுவை நிபுணர்களே அதை ஏளனமாகத்தான் பார்த்தார்கள். இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்டன் உட்வாடியா செய்தார். தமிழ்நாட்டில் இதைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் கோவையின் சி. பழனிவேலு. அதற்கு முன்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலது விலாவின் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கும்; வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இப்போது பெரும்பாலும் நான்கு துளை. கேமராவுக்கு இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவார்கள். அழுத்தம் பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். வயிறு உப்பும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் துருத்தி போல மேலும் கீழும் போய்வரும் உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது. நுரையீரலின் அடிப்பகுதி நசுங்குகிறது. போதாததற்குப் பொது மயக்கம்: முழு மயக்கத்தில் இருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நுரையீரலின் அடியில் கொஞ்சமாவது சுருங்கிப் போகும். ஆபரேஷன் முடிந்து வாயுவை வெளியேற்றிய பிறகும் அந்தச் சுருக்கம் உடனே விரியாது.

கண் விழித்ததும் வலி. வலிக்கிறதே என்று மேலோட்டமாக மூச்சு விடுவோம், இருமல் வந்தால் அடக்குவோம், சளி தங்கும். வயிற்றைத் திறந்து செய்த காலத்தில், ஒரே மூச்சில் இழுத்து ஊதக்கூடிய காற்று மறுநாள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். துளை முறையில் குறைவது கால் பங்கு போல. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் சும்மா இல்லை. நுரையீரல் பலமாக இருப்பவருக்கு இது சில நாட்களில் சரியாகிவிடும். பீடி பிடிப்பவர், வீசிங் உள்ளவர், உடல் பருமன் உள்ளவர், பஃப்பிங் தூசியிலேயே பல வருடம் நின்றவர் ஆகியோருக்கு அந்தக் கால் பங்கு இழப்பு கனமாகவே இருக்கும்.

மயக்க மருத்துவரிடம் வாயைத் திறங்கள்

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருத்துவர் ஒருமுறை பார்ப்பார். வேலூர் சி.எம்.சி.யாக இருந்தாலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தாலும், உங்கள் ஊர் நர்சிங் ஹோமாக இருந்தாலும் இது உண்டு. நம் ஆட்கள் அங்கே பேசுவதே இல்லை. சுகர் இருக்கா, பி.பி. இருக்கா என்று கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். "என்ன வேலை?" என்று கேட்டால் "கம்பெனி வேலை" என்று ஒரே வார்த்தை.

அந்த ஒரு வார்த்தை போதாது. எந்தப் பிரிவு என்று சொல்லுங்கள். பஃப்பிங் என்றால் தோல் தூசி. ஸ்ப்ரே என்றால் சாயமும் கரைப்பானும். ஷூ கம்பெனியில் ஒட்டும் பிரிவு என்றால் பசையின் நெடி. சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் என்றால் அது வேறு வாடை. காலையில் எழுந்ததும் சளி வருகிறதா, வேலை நாளில் இருமல் அதிகமாகி ஞாயிற்றுக்கிழமை குறைகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் மயக்க மருத்துவர் நெஞ்சில் ஸ்டெத் வைக்கும் நேரமே கூடிவிடும்.

பீடி, சிகரெட் இருந்தால் மறைக்காதீர்கள். கல்லால் அவசர ஆபத்து இல்லாமல், தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் நான்கு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. "கடைசி நேரத்துல விட்டா சளி அதிகமாயிடும்" என்று டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். எப்போது விட்டாலும் லாபம்தான்.

பிறகு ஒரு கேள்வியை நீங்கள் கேளுங்கள்: "டாக்டர், வலிக்கு என்ன குடுப்பீங்க? வயித்துல மரக்கற ஊசி போடுவீங்களா?"

அந்த ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது

வயிற்றுச் சுவரின் தோலுக்கும் தசைக்கும் உணர்ச்சி தரும் நரம்புகள் முதுகெலும்பிலிருந்து கிளம்பி, பக்கவாட்டில் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே ஓடி முன்பக்கம் வருகின்றன. அந்த இடுக்கில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்தினால் வயிற்றுச் சுவர் மரத்துவிடும். இதுதான் டாப் பிளாக். 2001இல் இதை முதலில் விவரித்தபோது கை உணர்வை நம்பி ஊசி போட்டார்கள். சில ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் வந்தது. ஊசி முனை எங்கே நிற்கிறது, மருந்து எந்த அடுக்கில் பரவுகிறது என்பதைத் திரையிலேயே பார்க்க முடிகிறது. பித்தப்பைக்கு விலாவின் ஓரத்தை ஒட்டிப் போடுவார்கள், ஏனென்றால் துளைகள் மேல் வயிற்றில் இருக்கின்றன. 2016இலிருந்து இன்னொன்று பிரபலமாகியிருக்கிறது: முதுகெலும்பை ஒட்டிய நீண்ட தசைக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக். இரண்டும் பெரும்பாலும் மயக்கத்தில் இருக்கும்போதே போடப்படுவதால் ஊசி குத்தியதே உங்களுக்குத் தெரியாது.

எல்லோருக்கும் பிளாக் தேவையா என்றால், இல்லை. பாரசிட்டமால், வீக்கம் குறைக்கும் வலி மருந்து, துளை போட்ட இடத்திலேயே அறுவை மருத்துவர் போடும் மரப்பு ஊசி ஆகிய மூன்றும் சேர்ந்தாலே துளை வழிப் பித்தப்பை ஆபரேஷனுக்குப் பலருக்குப் போதும். உலக அளவிலான பரிந்துரைகளும் இவற்றைத்தான் முதல் வரிசையில் வைக்கின்றன. சிறுநீரகக் கோளாறோ அல்சரோ இருப்பதால் வலி மாத்திரைகளைத் தாராளமாகக் கொடுக்க முடியாதவருக்கும், நுரையீரல் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவருக்கும்தான் பிளாக்கின் மதிப்பு உயர்கிறது. மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறைந்தால் வாந்தி குறையும், தூக்கக் கலக்கம் குறையும். அந்த மருந்து மூச்சை மந்தமாக்குவதும் குறையும். "அந்த ஆஸ்பத்திரியில பிளாக் போடறாங்களாம், அங்கேயே போலாம்" என்று ஊர் மாற வேண்டிய அளவுக்கு இது பெரிய விஷயமல்ல என்பது என் எண்ணம்.

எடையைச் சரியாகச் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புபிவக்கைன் என்ற மருந்துக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று எல்லை வைத்துக்கொள்வார்கள். கால் சதவீதக் கரைசல் பக்கத்துக்கு 20 மில்லி என்று இரண்டு பக்கமும் போட்டால் மொத்தம் 100 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு எல்லை அங்கேயே முடிந்துவிடுகிறது. துளையிலும் மருந்து போட்டால் அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அளவு மீறி ரத்தத்தில் கலந்தால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். அதற்கு முறிவு மருந்தாக 20 சதவீத கொழுப்புக் கரைசலைத் தியேட்டரில் தயாராக வைத்திருப்பார்கள். கணக்குப் போடுவது அவர்கள் வேலை. போன வருடக் கம்பெனி மெடிக்கல் சீட்டில் இருக்கும் எடையைச் சொல்லாமல் இன்று ஏறி நின்று பார்ப்பது உங்கள் வேலை. பல் பிடுங்கும்போது மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டு என்றாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றாலும் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிளாக் தொடாத வலி ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ வலது தோள்பட்டையில் குத்தும். "வயித்துல ஆபரேஷன், தோள்ல ஏன் வலி?" என்று பலர் பயந்துவிடுகிறார்கள். வாயு உதரவிதானத்தை உறுத்தியிருக்கிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவது, தோளுக்கும் அங்கிருந்தே நரம்பு போகிறது. அதனால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. வயிற்றுச் சுவரை மரக்கச் செய்யும் ஊசி இதைத் தொடாது. எழுந்து நடந்தால், ஓரிரு நாளில் தானாக அடங்கும்.

இன்னொன்றும் முக்கியம். வலி முழுதாக நின்றாலும் உதரவிதானம் உடனே பழைய வேகத்துக்கு வராது. மேல் வயிற்று ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு முதுகுத்தண்டின் அருகே மருந்து கொடுத்து வலியை நன்றாகக் குறைத்த பிறகும் உதரவிதானம் மந்தமாகவே இருந்ததை 1983இலேயே ஆய்வு செய்து காட்டினார்கள். உள்ளுறுப்புகளைத் தொட்டதும் நரம்பு மண்டலம் உதரவிதானத்தை அடக்கி வைக்கிறது; வலி அதில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே பிளாக் போட்டதும் மூச்சு தானாகச் சரியாகிவிடும் என்று படுத்துக் கிடந்தால் ஊசியின் பலன் பாதி வீண். வலி இல்லாத அந்த மணிகளில் மூச்சுப் பயிற்சியைச் செய்து முடிக்க வேண்டும்.

எத்தனை மணி? ஒருமுறை போட்ட பிளாக் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். காலை பதினொரு மணிக்கு ஆபரேஷன் என்றால் மருந்து விடுவது இரவு ஏழு முதல் பதினொரு மணிக்குள். வார்டில் விளக்கு அணையும் நேரம், கூட இருப்பவர் தூங்கும் நேரம். "வலி இல்லையே" என்று சாயங்கால மாத்திரையை வேண்டாம் என்று சொன்னவர்கள் அன்று இரவு அவஸ்தைப்படுவார்கள். வலி இல்லாவிட்டாலும் மாத்திரையை அதன் நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "சிஸ்டர், மரப்பு எப்ப விடும்?" என்று நர்ஸிடம் பகலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுக்கான பாடம் முன்கூட்டியே

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரைச் சேர்த்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. எல்லோரும் மேல் வயிற்றில் பெரிய ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள். ஒரு பாதிப் பேருக்குக் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்ததோடு சரி. இன்னொரு பாதிப் பேரை ஆபரேஷனுக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்காரவைத்து, நுரையீரலுக்கு என்ன ஆகும், எப்படி மூச்சு விட வேண்டும், எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நுரையீரல் சிக்கல் முதல் கூட்டத்தில் 27 சதவீதம் பேருக்கு வந்தது; இரண்டாவது கூட்டத்தில் 12 சதவீதம். அவை திறந்து செய்த பெரிய ஆபரேஷன்கள். துளை வழிப் பித்தப்பைக்கு ஆபத்தே குறைவு என்பதால் இவ்வளவு வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனாலும் அரை மணி நேரப் பேச்சுக்கு இவ்வளவு பலன் கிடைக்குமென்றால், அதைக் கேட்டு வாங்காமல் விடுவதில் அர்த்தமில்லை. "பிசியோ மேடத்தை முன்னாடியே ஒரு தடவை பாக்கலாமா?" என்று கேளுங்கள்.

அவர் கற்றுத்தருவது பெரிய வித்தையல்ல. சாய்ந்து உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக அடி வயிறு வரை இழுத்து, மூன்று முதல் ஐந்து விநாடி பிடித்து, வாயால் விட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்துத் தடவை. இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். படுத்தபடி இருமுவதைவிட உட்கார்ந்து இருமுவது சுலபம். எழுந்து நடப்பது இது எல்லாவற்றையும்விட மேல். ஆபரேஷன் அன்று சாயங்காலமே, ஆள் துணையோடு, பாத்ரூம் வரையாவது.

மூன்று பந்து உள்ள நீலக் கருவி ஒன்றை மருந்துக் கடையில் வாங்கச் சொல்வார்கள். நம்மில் பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்துகளுக்கு 600, 900, 1200 என்று எண் இருக்கும். விநாடிக்கு எத்தனை மில்லி காற்று என்பதன் அளவு அது. சட்டென்று இழுத்து மூன்றையும் எம்பவைப்பதில் பெருமை இல்லை. இரண்டு பந்தை நிதானமாக நிறுத்தி வைத்திருப்பது மேல். உண்மையைச் சொன்னால், இந்தக் கருவியால் தனியாக எவ்வளவு பலன் என்பதில் ஆய்வுகள் உற்சாகம் காட்டவில்லை. கருவி இல்லாவிட்டாலும் பயிற்சி நடக்கும். ஆனால் கையில் ஒரு பொருள் இருந்தால் நாம் அதை மறக்க மாட்டோம். அந்த வகையில் அதற்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. ஆபரேஷனுக்கு முந்திய நாள் எத்தனை பந்து எழும்பியது என்று குறித்து வையுங்கள். அந்த அளவுக்குத் திரும்பிவிட்டீர்களா என்பதை ஆபரேஷனுக்குப் பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் உறவுக்காரர்கள் வருவார்கள். "ஆடாம அசையாம படுத்துக்கோ" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், கேட்காதீர்கள். வயிற்றில் துணியை மூச்சு முட்டும்படி இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். ஆம்பூர் பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தை: பித்தப்பை இல்லாத முதல் சில வாரங்களுக்கு எண்ணெயும் கொழுப்பும் வயிற்றை உப்பவைக்கும், உப்பிய வயிறு உதரவிதானத்தைத் திரும்பவும் மேலே தள்ளும். ஒரு மாதம் பொறுத்தால் பிரியாணி எங்கும் ஓடிவிடாது.

காய்ச்சல், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், கண் மஞ்சளாவது, நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ரிவியூ தேதி வரை காத்திருக்கக் கூடாது. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மீட்டர் வீட்டில் கிடந்தால் எடுங்கள். வழக்கமாக 97, 98 காட்டும் உங்களுக்கு 94க்குக் கீழே இறங்கினால் அன்றே ஆஸ்பத்திரி.

எந்தப் பிரிவுக்கு எப்போது

ஸ்டிச்சிங், செக்கிங், அலுவலக வேலை: உட்கார்ந்து செய்வது. சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் திரும்பலாம். ஆனால் எட்டு மணி நேரம் மெஷின் மேல் குனிந்தே இருந்தால் மூச்சு மேலோட்டமாகவே போகும். மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று, ஐந்து ஆழ்ந்த மூச்சு. டார்கெட் ஓடும் லைனில் இது சுலபமில்லை என்பது தெரியும். அதனால்தான் முதல் வாரம் டார்கெட் இல்லாத டேபிள் வேலை கேட்கச் சொல்கிறேன். கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் நின்றபடி வருபவர்கள் முதல் வாரம் உட்கார இடம் கேட்டு வாங்குங்கள்.

டேனரியில் தோல் தூக்குவது, டிரம்மில் போட்டு எடுப்பது: இங்கே அவசரமே கூடாது. ஈரமான மாட்டுத் தோல் ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். தொப்புள் பக்கத்துத் துளைதான் பெரியது. அந்த வழியாகக் குடல் பிதுங்கி ஹெர்னியா வந்தால் இன்னொரு ஆபரேஷன். நான்கு முதல் ஆறு வாரம், அதற்கும் அறுவை மருத்துவர் சரி என்ற பிறகு.

பஃப்பிங், ஸ்ப்ரே, பசை: கை கால் பலம் திரும்பிவிட்டது என்பதால் மட்டும் போகாதீர்கள். சரியாக விரியாத நுரையீரலின் மேல் தூசியும் நெடியும் போய்ப் படிந்தால் இருமல். இருமினால் தையலில் இழுக்கும். மாஸ்க் போட்டால் மூச்சு இழுப்பதற்கே கூடுதல் பலம் வேண்டும். மாஸ்க்கோடு பத்து நிமிடம் வேகமாக நடந்து பார்த்து, தாங்கவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம்.

சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வந்தவரை "வயித்துல ஒரு தழும்பு கூடத் தெரியலையே" என்று அளக்காதீர்கள். இரண்டு வாரம் முன்னதாக இழுத்து வந்த ஆள் ஹெர்னியாவோடு மறுபடி இரண்டு மாதம் படுத்தால் உங்கள் லைன்தான் நிற்கும்.

சீட்டு, சம்பளம்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பிடித்தமாகும்: உங்களிடம் 0.75 சதவீதம், கம்பெனியிடம் 3.25 சதவீதம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோய்க்கால உதவி உண்டு: சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. நாளுக்கு 500 ரூபாய் வாங்குபவருக்கு 350. வழக்கமாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால் ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு முன்பே தகவல் சொல்லி, லீவுச் சான்றிதழுக்கு வழி கேட்டு வையுங்கள். உதவித்தொகை வாங்கும் நாட்களில் வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது. "ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டாலும்தான். சம்பளம் 21,000ஐத் தாண்டிய லைன் சூப்பர்வைசர்கள் கம்பெனியின் குழுக் காப்பீட்டைப் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் வராத, கூலிக்குப் போகும் குடும்பம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று ஆபரேஷனுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஃபிட்னஸ் சான்றிதழ். அதில் வெறுமனே 'லைட் டியூட்டி' என்று எழுதி வாங்கி வராதீர்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு டேனரியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். "5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தூசியும் கரைப்பான் நெடியும் உள்ள பிரிவில் நிறுத்தக் கூடாது, இன்ன தேதி வரை" என்று மருத்துவரைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு நகல் எடுங்கள். ஒன்று ஹெச்.ஆர். கையில், இன்னொன்று உங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் கையில். ஷிஃப்ட் மாறினால் மூன்றாவது நகல்.